விலங்கு மாட்டாத முடிவு

திரையில் ஒருவன் குற்றம் புரிகிறான். அரங்கில் அமர்ந்திருக்கும் நாம் சிரிக்கிறோம். அந்தச் சிரிப்புக்கு நாம் கணக்குக் கொடுக்க வேண்டுமா?

கொடுங்கையூரில் ஞாயிறு திருப்பலி முடிந்தபின் பொதுநிலையினர் சிலர் நின்று பேசிக்கொண்டிருப்பது வழக்கம். தண்ணீர் லாரி வராத கதையில் தொடங்கி உலக அரசியல் வரை நீளும் அப்பேச்சில், ஒரு திரைப்படம் மட்டும் ஆண்டுகள் பல கடந்தும் திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது. தொலைக்காட்சியில் அது மறுபடி ஒளிபரப்பாகும் வாரமெல்லாம் வாதமும் மறுபடி பிறக்கிறது. நலன் குமாரசாமி இயக்கி, 2013 மே முதல் நாள் வெளிவந்த 'சூது கவ்வும்' என்பதே அப்படம். 'அட்டகத்தி', 'பீட்சா' ஆகிய சிறு முதலீட்டுப் படங்களை அதற்கு முந்தைய ஆண்டில் எடுத்துத் துணிவு பெற்றிருந்த சி. வி. குமார் அதனைத் தயாரித்தார். இயக்குநர்க்கு அது முதற்படம். நாயகனாக நடித்த விஜய் சேதுபதியும் அந்நாளில் இன்றைய பெருநடிகர் அல்லர். படம் நன்றாகவே ஓடிற்று. திறனாய்வாளர் பலர் மெச்சினர். ஆயினும் பார்த்தவர்கள் இரண்டுபட்டனர். இன்றும் இரண்டுபட்டே நிற்கின்றனர்.

கதையை அறியாதவர்க்குச் சுருக்கமாகச் சொல்வோம். தாஸ் என்பவன் சிறிய அளவில் ஆள்கடத்திப் பிழைக்கிறவன். தன் தொழிலுக்கு ஐந்து விதிகள் வகுத்து வைத்திருக்கிறான். அதிகாரம் உள்ளவர்மீது கைவைக்கலாகாது என்பது அவற்றுள் தலையானது. வேலையற்ற இளைஞர் மூவர் அவனோடு சேர்கின்றனர். விதியை மீறி ஓர் அமைச்சரின் மகனைக் கடத்தப் புறப்படுகின்றனர். போனால், தந்தையிடம் பணம் பறிப்பதற்காக அந்த மகனே தன்னைத்தானே கடத்திக்கொள்ள ஏற்பாடு செய்திருக்கிறான்! அமைச்சர் ஞானோதயமோ கையூட்டு வாங்காதவர். அதனாலேயே தம் கட்சிக்குச் சுமையானவர். முடிவில் கடத்தல்காரர் நீதிமன்றத்தில் விடுதலை பெறுகின்றனர். நேர்மையான தந்தையின் அரசியல் இடம் நேர்மையற்ற மகனுக்குக் கிடைக்கிறது. தாஸ் தன் பழைய தொழிலுக்கே திரும்புகிறான்.

இந்த முடிவுதான் சண்டையின் வேர். நம்மிடையே உள்ள பெரியவர் ஒருவர், துறைமுகத்தில் சுமை தூக்கி ஓய்வு பெற்றவர், படத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு எழுந்தவர். "நாற்பது வருடம் கோதுமை மூட்டை தூக்கினேன். ஒரு பிடி வீட்டுக்குக் கொண்டு வந்ததில்லை. என்னைப் பார்த்தா ஊரையே சிரிக்கச் சொல்கிறார்கள்?" என்பது அவர் கேள்வி. கல்லூரி முடித்து வேலை தேடும் இளைஞர் ஒருவர் மறுத்தார்: "ஐயா, படம் உங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை. உங்களைத் தோற்கடிக்கிற ஊரைப் பார்த்துச் சிரிக்கிறது." இருவரும் தத்தம் நிலையிலிருந்து அணுவளவும் நகரவில்லை. இடையில், அதுவரை பேசாதிருந்த ஒரு தாய் கேட்டார்: "என் பிள்ளை வீடு திரும்ப ஒரு மணி நேரம் தாமதமானாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. அந்தத் தாஸ் அவ்வளவு பேரைக் கடத்துகிறானே, பெற்றவள் அழுவதை எங்கே காட்டினார்கள்?" அவருக்கு அங்கே எவரும் மறுமொழி சொல்லவில்லை. இக்கட்டுரை எழுதத் தூண்டியது பெரும்பாலும் அந்தக் கேள்வியே.

குற்றவாளி முடிவில் தண்டனை பெற்றே தீரவேண்டும் என்ற எதிர்பார்ப்புக்கு ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் கத்தோலிக்கரின் பங்கு சிறிதன்று. அமெரிக்கத் திரைத்துறை 1930-இல் ஏற்றுக்கொண்ட ஒழுக்க விதித்தொகுப்பை வரைந்தவர்கள் இயேசு சபைக் குருவான டேனியல் லார்டும், பத்திரிகை அதிபரும் கத்தோலிக்கப் பொதுநிலையினருமான மார்ட்டின் குயிக்லியும் ஆவர். 1934 முதல் அதனைக் கண்டிப்போடு நடைமுறைப்படுத்திய ஜோசப் பிரீனும் கத்தோலிக்கரே. குற்றத்தின்பால் பார்வையாளர்க்குப் பரிவு பிறக்கலாகாது என்பது அதன் அடிப்படை நெறிகளுள் ஒன்று. 1936-இல் திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் தம் 'விஜிலாந்தி கூரா' சுற்றுமடலில், நல்ல திரைப்படங்களுக்காக அமெரிக்க ஆயர்களும் இறைமக்களும் எடுத்த முயற்சியைப் பாராட்டினார்.

அந்த முயற்சியின் நோக்கத்தை நாம் குறை கூறவில்லை. ஆயினும் அதன் விளைவுகளுள் ஒன்று விந்தையானது. படம் முழுவதும் திருடனோடு சேர்ந்து திட்டமிட்டு, அவன் அகப்படக் கூடாதே என்று மூச்சடக்கி அமர்ந்திருந்த பார்வையாளர், கடைசி ஐந்து நிமிடத்தில் சட்டத்தின் பக்கம் கட்சி மாறப் பழகிக்கொண்டார். மனமாற்றம் ஏதும் நிகழவில்லை; விலங்கு மட்டும் வந்து சேர்ந்தது. 1968-இல் அந்த விதித்தொகுப்பு கைவிடப்பட்டு, வயதுக்கேற்பப் படங்களைத் தரம் பிரிக்கும் முறை வந்தது. அதற்குள் திருச்சபையின் சிந்தனையும் நகர்ந்திருந்தது. 1963 டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் சமூகத் தொடர்புச் சாதனங்களைப் பற்றி வெளியிட்ட 'இந்தேர் மிரிஃபிக்கா' ஆணை, ஒழுக்கத் தீமையைச் சித்திரிப்பது மனிதனை ஆழமாக அறியவும் நன்மையின் பெருமையை உணரவும் உதவக்கூடும் என்று ஒப்புக்கொண்டது. அச்சித்திரிப்பு ஒழுக்க வரம்புக்கு உட்பட வேண்டும் என்பதையும் சேர்த்தே சொன்னது.

1995-இல், திரைப்படக் கலையின் நூற்றாண்டை ஒட்டி, குறிப்பிடத்தக்க 45 படங்களின் பட்டியலொன்றை வத்திக்கான் வெளியிட்டது. அதில் 'தி லாவண்டர் ஹில் மாப்' என்னும் 1951-ஆம் ஆண்டு ஆங்கிலப் படம் இடம்பெற்றிருப்பதைக் கண்டு வியந்தவர் பலர் இருப்பர். அதுவும் ஒரு குற்ற நகைச்சுவைப் படமே! அலெக் கின்னஸ் நடித்த வங்கி ஊழியர், தம் பொறுப்பில் போய்வரும் தங்கக் கட்டிகளைக் கொள்ளையிட்டு, சிறு சிறு ஈபிள் கோபுரப் பொம்மைகளாக வார்த்து நாடு கடத்துகிறார். தென்னமெரிக்காவில் செல்வராக அமர்ந்து தம் கதையை ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருப்பவரின் கையில் விலங்கு மாட்டியிருப்பதை இறுதியில்தான் நாம் காண்கிறோம். அந்த விலங்கு கூட ஒரு நகைச்சுவையாகவே வருகிறது. பார்த்தவர் எவரும் அதைக் கண்டு திருந்தியிருப்பார் என்று நாம் நம்பவில்லை. அப்பட்டியலில் அப்படம் இடம்பெற்றதும் கலை என்னும் பிரிவிலேதான்.

அதே பட்டியலில், வாழ்க்கை மதிப்பீடுகள் என்னும் பிரிவில், மற்றொரு திருட்டுப் படமும் உண்டு: டி சிகா 1948-இல் எடுத்த 'பைசைக்கிள் தீவ்ஸ்'. சுவரொட்டி ஒட்டும் வேலை அரிதாகக் கிடைத்த ஓர் ஏழையின் மிதிவண்டி திருட்டுப் போகிறது. தேடித் தேடி அலுத்த அவன், இறுதியில் தானே ஒரு மிதிவண்டியைத் திருட முயன்று, தன் சிறு மகனின் கண்ணெதிரில் பிடிபடுகிறான். வண்டிக்காரர் அந்தச் சிறுவனைப் பார்த்துவிட்டு அவனை விட்டுவிடுகிறார். ஆக, அங்கும் திருடனுக்குத் தண்டனை இல்லை, விலங்கும் இல்லை. ஆனால் அப்படத்தைப் பார்த்து எவரும் திருட்டை எளிதாக எண்ணமாட்டார். காரணம், பறிகொடுத்தவனின் முகத்தை நாம் ஒன்றரை மணி நேரம் பார்த்திருக்கிறோம்.

நம் ஆண்டவர் சொன்ன உவமைகளுள் மறையுரையாளர்க்கு மிகவும் தொல்லை தருவது லூக்கா நற்செய்தியின் 16-ஆம் அதிகாரத்தில் உள்ளது. வேலை பறிபோகப் போவதை அறிந்த வீட்டுப் பொறுப்பாளர், தலைவரின் கடனாளிகளை அழைத்து, நூறு குடம் எண்ணெயை ஐம்பதாகவும், நூறு மூடை கோதுமையை எண்பதாகவும் பத்திரத்தில் மாற்றி எழுதச் சொல்கிறார். தலைவரோ அவரைச் சிறையில் தள்ளவில்லை. அவருடைய முன்மதியைப் பாராட்டுகிறார். கதை அங்கேயே நின்றுவிடுகிறது. கேட்டவர்களுள் சிலரேனும் சிரித்திருக்கமாட்டார்களா? 'சூது கவ்வும்' வெளிவந்த அதே 2013-ஆம் ஆண்டு, செப்டம்பர் 22 அன்று, பொதுக்காலத்தின் 25-ஆம் ஞாயிறு நற்செய்தியாக இவ்வுவமையே நம் ஆலயங்களில் வாசிக்கப்பட்டது. அன்று திருட்டுக் கணக்கைக் கேட்டு எவரும் எழுந்து வெளியேறவில்லை. கதையில் வரும் செயலைப் பின்பற்றச் சொல்லவில்லை, கதையைக் கொண்டு எதையோ உணரச் சொல்கிறார் என்று நாம் அறிந்திருந்தோம். அவ்வளவு நம்பிக்கையைத் திரைப்படக்காரர் ஒருவர்க்கும் தரவேண்டும் என்று நாம் வற்புறுத்தவில்லை. தண்டனை இல்லாமல் ஒரு கதை முடிந்துவிட்டது என்பது ஒன்றே அதைத் தீய கதையாக்கிவிடாது என்பதற்காக மட்டும் இதனைக் குறிப்பிடுகிறோம்.

ஆகவே முடிவைப் பற்றிய வாதத்தில் நாம் இளைஞர் பக்கம் நிற்கிறோம். கொடுங்கையூரில் வாழ்கிறவர்க்கு இதில் ஐயம் இருக்க இயலாது. நகரத்தின் குப்பையைப் பல்லாண்டுகளாக வாங்கிக் குவித்த 300 ஏக்கருக்கும் மேற்பட்ட மேட்டின் புகையை நம் பிள்ளைகள் மூச்சோடு இழுத்து வளர்ந்திருக்கின்றனர். 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தபோது மீனவர் படகும் வலையும் கறுத்துப் போயின. இவற்றுக்காக எவர் கையில் விலங்கு மாட்டியதைக் கண்டோம்? பெருங்குற்றம் தண்டனை பெறும் என்று இங்குள்ளவர்க்குத் திரையில் காட்டினால்தான் அது பொய்யாகத் தோன்றும்.

படத்தின் பெயரைப் பற்றியும் ஒரு சொல். அது பாரதியாரின் பாஞ்சாலி சபதத்திலிருந்து எடுத்த சொற்றொடர். அறத்தின் வாழ்வு சூதுக்கு இரையாகும் என்பதோடு பாரதியார் நிறுத்தவில்லை. அறம் மீண்டும் வெல்லும் என்று தொடர்கிறார். படம் முதற்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டாம் பாதியை விட்டுவிட்டது என்பது பெரியவர் கட்சியார் சொல்லும் குற்றச்சாட்டு. நியாயமான குற்றச்சாட்டுதான். எனினும் அச்சொற்களை யார், எப்போது சொல்கிறார் என்பதையும் நோக்க வேண்டும். சூதில் எல்லாம் இழந்து நிற்கும் அவையில், வெகுண்டெழுந்த வீமனை அடக்குவதற்காக அருச்சுனன் சொல்லும் சொற்கள் அவை. அந்த வேளையில் அறம் வெல்லவில்லை. பாஞ்சாலிக்கு அவையில் இழைக்கப்பட்ட அவமானம் துடைக்கப்படவில்லை. காட்டுவாழ்க்கை இன்னும் தொடங்கக்கூட இல்லை. இரண்டாம் பாதியை வெற்றி முழக்கமாக எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு படத்தின் இறுதியிலும் அதை ஒட்டவேண்டும் என்று கேட்பவர்கள் அந்தச் சூழலை மறந்துவிடுகின்றனர்.

எனினும் பெரியவரின் மனக்காயம் முடிவைப் பற்றியது மட்டுமன்று. திருட்டைக் கண்டு நாம் சிரிக்க வேண்டுமானால் பறிகொடுத்தவர்க்கு முகம் இருக்கக் கூடாது. லாவண்டர் ஹில் கும்பல் கொள்ளையடித்தது வங்கியின் தங்கத்தை, வங்கி அழுவதில்லை. 1972-இல் வந்த 'காசேதான் கடவுளடா' படத்தில் பிள்ளைகள் குறிவைப்பது சொந்த வீட்டுப் பெட்டியை. பணம் எங்கு போனாலும் குடும்பத்துக்குள்ளேயே சுற்றும். 'சூது கவ்வும்' படத்திலும் பெரும்பாலும் அப்படியே. தாஸின் சிறு கடத்தல்களில் பணம் கொடுத்தவர்கள் ஒரு கணம் வந்து மறைகின்றனர். அந்தத் தாய் தேடிய அழுகை அங்கே இல்லாததற்கு அதுவே காரணம். அது இருந்திருந்தால் நாம் சிரித்திருக்க இயலாது. ஆனால் ஒருவர்க்கு மட்டும் அப்படத்தில் முகம் உண்டு. அவர் ஞானோதயம். எம். எஸ். பாஸ்கர் அந்த மனிதரை நகைப்புக்கான பொம்மையாக நடிக்கவில்லை. கொண்ட கொள்கையில் பிடிவாதமும் மகன்மீது கசப்பும் கொண்ட உண்மையான தந்தையாகவே நடித்தார். அவருடைய இழப்பை நாம் முகத்துக்கு நேரே காண்கிறோம், கண்டும் சிரிக்கிறோம். அவர் வீழ்கிற இடத்தில் ஒரு மணித்துளி நின்று அந்த முகத்தைப் பார்க்கப் படத்துக்குப் பொறுமை இல்லை. அடுத்த வேடிக்கைக்கு ஓடுகிறது. ஊழலைப் பார்த்துச் சிரிப்பது ஒன்று. ஊழல் செய்யாதவன் தோற்பதைப் பார்த்துச் சிரிப்பது வேறொன்று. இரண்டையும் ஒரே சிரிப்பாக இப்படம் கலந்து கொடுத்துவிட்டது என்பது நம் குறை. மூட்டை தூக்கிய கையோடு வாழ்நாளைக் கழித்த ஒருவர் அந்த வேறுபாட்டை உடனே உணர்ந்தார். நம்மில் பலர் சிரித்து முடித்த பின்னரே உணர்ந்தோம்.

வேறொரு வேறுபாடு இவ்வூரார்க்கே உரியது. இப்படத்தில் பணத்தைப் பற்றிய பாடல் ஒன்று தெருவெல்லாம் ஒலித்தது. அதைப் பாடியவர் வடசென்னையின் கானா பாலா. குரல் நம்முடையது. கடத்தல்காரர்களோ நம்மவர் அல்லர். கணினித் துறையில் வேலை இழந்தவரும், திருச்சியிலிருந்து வந்தவரும் அவர்களுள் அடக்கம். அறியாமல் வழிதவறிய நல்ல பையன்கள் என்று பார்வையாளர் எளிதில் அவர்களை மன்னிக்கின்றனர். கொடுங்கையூரிலோ வியாசர்பாடியிலோ பிறந்த பாத்திரம் ஒன்று திரையில் தோன்றினால் தமிழ்ப் படங்களில் பெரும்பாலும் அதன் கையில் அரிவாள் இருக்கும். அங்கே சிரிப்பு வராது, அச்சமே வரும். 'மெட்ராஸ்' போன்ற ஓரிரு படங்கள் இதை மாற்ற முயன்றன. முட்டாள்தனமாகத் திட்டமிட்டு, தோற்று, மன்னிக்கப்படும் உரிமை கூட எல்லா ஊரார்க்கும் சமமாகக் கிடைப்பதில்லை. வேலைக்கு எழுதும் விண்ணப்பத்தில் பெரம்பூர் என்று முகவரி கொடுக்கும் நம் இளைஞர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

படத்தில் பிரம்மா என்றொரு காவல் அதிகாரி வருகிறார். சட்டத்துக்குப் புறம்பாக ஆட்களைச் சுட்டுத் தள்ளுவதில் பெயர் பெற்றவர். விடுதலையான நால்வரையும் தனியிடத்துக்குக் கொண்டுபோய்க் கொல்ல முனைகிறார். அப்போது இடுப்பின் பின்புறம் செருகி வைத்திருந்த கள்ளத் துப்பாக்கி தானாக வெடித்து அவரையே வீழ்த்துகிறது. அரங்குகளில் அதிகமான சிரிப்பு எழுந்த காட்சி இதுவாகவே இருக்கக்கூடும். மற்ற இடங்களில் அது ஒரு நல்ல வேடிக்கை. நம் பகுதியில் அச்சிரிப்பில் வேறொன்றும் கலந்திருந்தது. நள்ளிரவில் கதவு தட்டப்படும் வீடுகளில் வாழ்கிறவர்களுக்கு அந்தத் துப்பாக்கி தவறிப்போய் வெடித்தது பெரிய ஆறுதல்.

2022 ஜூன் மாதம், கொடுங்கையூர் காவல் நிலையத்தில் விசாரணைக்காக வைக்கப்பட்டிருந்த ஒருவர் உயிரிழந்தார். காவலர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர், வழக்கு சி.பி.சி.ஐ.டி. பிரிவிடம் சென்றது. இறந்தவர்மீது வழக்குகள் இருந்தனவா என்பதே அன்று பலர் கேட்ட முதற்கேள்வி. நம்மவரும் கேட்டனர். திரையில் நான்கு கடத்தல்காரர் தப்பியதற்குக் கைதட்டியவர்கள்தாம் அவ்வாறு கேட்டனர் என்பதை அப்போது எவரும் கவனித்ததாகத் தெரியவில்லை. சாகவிருந்த தாஸுக்காக நாம் பதைத்தபோது அவனுடைய பழைய கணக்கை எவரும் எடுத்துப் பார்க்கவில்லை. அவன் பேச்சும் தடுமாற்றமும் நமக்குத் தெரியும், இரண்டு மணி நேரம் அவனோடு பழகியிருந்தோம். காவல் நிலையத்தில் இறந்தவரை நாளேட்டின் ஒரு பத்தியில் மட்டுமே அறிந்திருந்தோம்.